திண்டுக்கல் வெயிலுக்கு ஒரு தார், கொடைக்கானல் குளிருக்கு ஒரு தார்

கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் ஆவியாகிப் பிரிந்த பிறகு அடியில் தேங்கும் கறுப்புக் கசடுதான் சாலைக்குப் போடும் தார். பொறியாளர்கள் இதை பிட்டுமின் என்பார்கள். நிலக்கரியிலிருந்து வடித்த பழைய தார் சாலைப் பணியிலிருந்து எப்போதோ விலகிவிட்டது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் தண்ணீர் கசியாமலிருக்கப் பூசியதும் இதே குடும்பத்துப் பொருள்தான். தண்ணீரை உள்ளே விடாது, கல்லோடு ஒட்டும், சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். மிதமான வெப்பத்தில் அது வெல்லப்பாகு போல, பதம் பார்த்துக் கையாள வேண்டிய பொருள். சாலைக் கலவையின் எடையில் இது நூற்றுக்கு ஐந்து பங்குதான். மிச்சமெல்லாம் ஜல்லியும் கல்தூளும். ஆனால் சாலை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை இந்த ஐந்து பங்கு பெருமளவு தீர்மானிக்கிறது.

தார் எவ்வளவு கெட்டி என்பதை இந்தியா நெடுங்காலம் ஊசியால் அளந்தது. 25 டிகிரி செல்சியஸில், 100 கிராம் சுமையோடு நிற்கும் ஊசி 5 விநாடியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து 80/100, 60/70 என்று தரம் பிரித்தார்கள். 25 டிகிரி என்பது திண்டுக்கல்லில் தை மாதத்துக் காலை நேரம். சித்திரைப் பிற்பகலில் காற்றின் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடும்போது, வெயிலை முழுக்கக் குடிக்கும் கறுப்புச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியை எட்டிவிடும். அந்தச் சூட்டில் தார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஊசி சொல்லவில்லை. 2006-ல் திருத்தப்பட்ட ஐஎஸ் 73 தரவிதி ஊசியைப் பின்னுக்குத் தள்ளி, 60 டிகிரியில் தாரின் பாகுநிலையை முதன்மை அளவாக்கியது. விஜி-10, விஜி-20, விஜி-30, விஜி-40 என்ற இன்றைய தரங்கள் அப்படி வந்தவை. விஜி-30 தாருக்கு 60 டிகிரியில் குறைந்தது 2,400 பாய்ஸ் பாகுநிலை வேண்டும். விஜி-10-க்கு 800 போதும்.

2013-ல் இதே தரவிதி மறுபடி திருத்தப்பட்டபோது, எந்த ஊருக்கு எந்தத் தார் என்பதற்கும் ஒரு வழி கிடைத்தது. தொடர்ந்து ஏழு நாளின் உச்ச வெப்பத்தைச் சராசரி எடுக்க வேண்டும். அது 30 டிகிரிக்குக் கீழே என்றால் விஜி-10, 30 முதல் 38 வரை விஜி-20, 38 முதல் 45 வரை விஜி-30, அதற்கும் மேலே விஜி-40. இந்த அட்டவணையைத் திண்டுக்கல் மாவட்டத்தின் மேல் விரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் சமவெளிக்கு விஜி-30. வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்குப் போனால் அதே அட்டவணை விஜி-10 என்கிறது. ஒரே மாவட்டத்துக்கு, சில மணி நேரப் பயணத்துக்குள், இரண்டு வகைத் தார். சமவெளிக்கேற்ற கெட்டித் தாரை மலைமேல் போட்டால் குளிரில் விறைத்து வெடிக்கும். மலைக்கேற்ற இளகிய தாரைச் சமவெளியில் போட்டால் கோடையில் டயர் தடம் பதியும். ஆனால் அட்டவணையை மட்டும் நம்பவும் முடியாது. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் முக்கி ஏறும் லாரி சாலையைப் பக்கவாட்டில் பிடித்து இழுக்கிறது. அங்கே குளிரை மட்டும் எண்ணி இளகிய தாரைப் போட்டால் வளைவு அலைஅலையாகச் சுருண்டுவிடும். வெப்பத்தையும் சுமையையும் சேர்த்துப் பார்த்துத்தான் தாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுமையின் கணக்கு கொடுமையானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, தனியாகப் போட்ட சோதனைச் சாலைகளில் லாரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் சுமை கூடினால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது அதில் கிடைத்த முடிவு. சுமை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு இந்தியாவில் அனுமதித்த சுமை 2018 ஜூலையில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. காதுக்கு எட்டில் ஒரு பங்கு போலத்தான் கேட்கிறது. நான்காம் அடுக்கில் போட்டுப் பார்த்தால் அந்த அச்சால் வரும் சேதம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக் கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் போகும் வண்டிகளும், குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றும் டிப்பர்களும் ஓடும் வட்டாரத்தில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. தாருக்கு இன்னொரு குணமும் உண்டு. சட்டென்று அழுத்தினால் விறைத்து நிற்கும், மெல்ல அழுத்தினால் ஓடும். அதனால் வேகமாகப் போகும் லாரியைவிட, நிற்கும், ஊரும் லாரிதான் சாலையை அதிகம் பள்ளமாக்குகிறது. பேருந்து நிலைய வாசலிலும் சிக்னல் முன்பும் டயர் தடம் குழிவதற்கும், சுங்கச்சாவடிகளின் பாதையைக் கான்கிரீட்டில் போடுவதற்கும் காரணம் இதுவே.

ஆனால் திண்டுக்கல் சமவெளியில் சாலைகளைச் சாகடிக்கும் முதல் எதிரி வெயிலும் அல்ல, லாரியும் அல்ல, தண்ணீர்தான். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்தாற்போல் கொட்டும். வறண்டு கிடந்த சாலை சில வாரங்கள் நனைந்தே கிடக்கும். அந்தச் சில வாரங்களில் குழி விழுவதன் காரணத்தைக் கல்லில் தேட வேண்டும். மலைக்கோட்டை நிற்கும் பாறையைப் போல இந்த மாவட்டத்தின் குவாரிகளில் உடைபடுவது பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைக் கருங்கல். வலிமையில் குறை சொல்ல முடியாத கல். ஆனால் இவற்றில் சிலிக்கா மிகுதி, சிலிக்கா நிறைந்த கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் ஆசை. தாருக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய இடுக்கு கிடைத்தால் போதும், ஈரம் உள்ளே நுழைந்து தாரைக் கல்லிலிருந்து உரித்துவிடும். மேலே பார்த்தால் சாலை கறுப்பாகத்தான் இருக்கும். உள்ளே ஜல்லி அம்மணமாகக் கிடக்கும். அடுத்த லாரி ஏறியதும் ஒரு கல் பெயரும். ஒரு கல் பெயர்ந்த இடத்தில் ஒரு வாரத்தில் குழி. பெருமழை முடிந்த மறுநாள் சாலையோரம் சிதறிக் கிடக்கும் ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்தக் கதை தெரியும். தார் காய்ந்து உதிர்ந்திருந்தால் கல்லில் கறுப்புத் திட்டுகள் ஒட்டியிருக்கும். தண்ணீர் உரித்திருந்தால் கல் கழுவி வைத்தாற்போல் சுத்தமாக இருக்கும்.

இதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, எவ்வளவு பரப்பில் தார் மிஞ்சியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதே அடிப்படைச் சோதனை. நூற்றுக்கு 95 பங்காவது மிஞ்ச வேண்டும். இதைவிடக் கறாரான சோதனையும் உண்டு. கலவையில் வார்த்த வில்லைகளை உலர்ந்த நிலையிலும், நனைத்துப் பதப்படுத்திய பிறகும் பிளந்து பார்த்து, நனைந்தது உலர்ந்ததன் வலிமையில் குறைந்தது 80 விழுக்காடு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். தேறாத கல்லுக்குக் கைவசம் உள்ள மருந்து சுண்ணாம்பு. ஜல்லியின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீற்றுச் சுண்ணாம்பையோ சிமென்ட்டையோ நுண்தூளாகக் கலவையில் சேர்த்தால் ஒட்டுதல் கூடுகிறது. குஜிலியம்பாறைப் பக்கம் கரிக்காலியில் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் மாவட்டம் இது. உரியும் கல்லும் அதற்கு மருந்தும் ஒரே மண்ணில் கிடைக்கின்றன. பழைய பரப்பின் மேல் புதிய அடுக்கு ஒட்டத் தெளிக்கும் தார்க்குழம்பிலும் இதே கல்தான் கணக்கு. கருங்கல்லின் பரப்பு ஈரத்தில் எதிர்மின் தன்மை கொள்வதால், நேர்மின் தன்மையுள்ள குழம்பைத்தான் இங்கே பயன்படுத்த வேண்டும். மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியில் ஜல்லி பசால்ட் பாறையில் உடைபடுகிறது. அங்கே தேறிய கலவை இங்கும் அப்படியே தேறிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தார் மூப்படைவது இன்னொரு தனி ஆய்வு. தார் ஒற்றைப் பொருள் அல்ல. இலேசான எண்ணெய்கள், பிசின்கள், அஸ்பால்ட்டீன் எனும் கனத்த துகள்கள் எல்லாம் சேர்ந்த கலப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரச் சேர எண்ணெய்ப் பங்கு குறைந்து கனத்த பங்கு கூடும், தார் நொறுங்கும் தன்மைக்குப் போகும். இந்த மூப்பில் பெரும்பகுதி சாலையில் அல்ல, கலவை ஆலையில், மெல்லிய படலமாகச் சூடான ஜல்லியின் மேல் விரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்துவிடுகிறது. அதைத்தான் ஆய்வகத்தில் 163 டிகிரி அடுப்பில் 85 நிமிடம் சுழற்றிப் போலச் செய்து பார்க்கிறார்கள். ஆலையில் தாரைத் தேவைக்கு மேல் சூடாக்கினால் சாலை பிறக்கும்போதே கிழடாகிறது.

சூடு குறைந்தாலும் கேடுதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிப்படி விஜி-30 கலவை ஆலையிலிருந்து 150 முதல் 165 டிகிரிக்குள் புறப்பட வேண்டும், 140-க்குக் குறையாமல் விரிக்க வேண்டும், 90-க்குக் குறைவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். நகரத்துக்கு வெளியே உள்ள ஆலையிலிருந்து ஒரு டிப்பர் கிளம்புகிறது. தார்ப்பாய் சரியாக மூடவில்லை. சந்தை நாள் நெரிசலில் அது அரை மணி நேரம் நிற்கிறது. தெருவுக்கு வந்து கொட்டும்போது குவியலின் மேல்பாகம் ஆறிக் கட்டி தட்டியிருக்கும். 20 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் தடிமனில் விரித்ததும் மிச்சச் சூடும் சில நிமிடங்களில் அடியில் இறங்கிப் போய்விடும். பிறகு ரோலர் எத்தனை முறை ஓடினாலும் கலவை இறுகாது. வெளிப்பார்வைக்குச் சாலை வழவழப்பாகத்தான் இருக்கும். உள்ளே காற்றறைகள் மூன்று முதல் ஐந்து விழுக்காடு என்று ஆய்வகத்தில் கணக்கிட்டிருந்தால், தெருவில் அது பத்தைத் தாண்டும். அந்த அறைகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஐப்பசித் தண்ணீருக்கு வழி விடும். ஒப்பந்தக் கோப்பில் தாரின் தரச்சான்றிதழ் இருக்கும். டிப்பர் வந்து நின்றபோது கலவை எத்தனை டிகிரி என்ற குறிப்பு இருக்காது. ஒரு வெப்பமானி தீர்க்கக்கூடிய சிக்கல் இது. புதுப்புதுச் சேர்க்கைப் பொருட்களுக்குக் கிடைக்கும் மதிப்பு அந்த வெப்பமானிக்குக் கிடைப்பதில்லை.

சேர்க்கைப் பொருட்களில் பேர்பெற்றது திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பிறந்தது. வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைச் சாலையில் பயன்படுத்தும் முறையை வகுத்தார். 2006-ல் காப்புரிமையும் 2018-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. இதன் நுட்பம் எளிமையில் இருக்கிறது. பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்க வேண்டியதில்லை. 160, 170 டிகிரி சூட்டிலுள்ள ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் ஒரு நிமிடத்துக்குள் உருகிக் கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படியும். அதன் மேல் தாரை ஊற்றிக் கலக்க வேண்டும். தாரின் எடையில் சுமார் எட்டு விழுக்காடு வரை பிளாஸ்டிக் போகும். 3.75 மீட்டர் அகலமுள்ள ஒரு கிலோமீட்டர் சாலைக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும், ஏறத்தாழ அதே அளவு தார் மிச்சமாகும் என்பது இம்முறையின் கணக்கு. இதன் பெருமையைப் பேசுபவர்கள் குப்பை ஒழிவதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். சாலையின் பக்கமிருந்து பார்த்தால் பெரிய ஆதாயம் வேறு. தண்ணீரை விரும்பும் கருங்கல்லின் மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு தோல் விழுகிறது. திண்டுக்கல், மதுரை வட்டாரக் கல்லுக்கு இது பொருத்தமான மருந்து.

சென்னை ஜம்புலிங்கம் தெரு (2002), ஈரோடு வீரபத்ர தெரு (2003), மதுரை வண்டியூர் சாலை (2004) ஆகியவை இம்முறையில் போட்ட முன்னோடிச் சாலைகள். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இவற்றின் நிலையைப் பின்னர் ஆய்ந்து வெளியிட்ட அறிக்கை நல்லபடியாகவே பேசியது. அந்த ஆய்வில் முறையைக் கண்டுபிடித்த கல்லூரியும் இருந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சாலைப் பணிகளுக்கு நெறி வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2013-ல் இதற்கென வழிகாட்டு நெறி வெளியிட்டது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகையுள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் பிளாஸ்டிக் கழிவைச் சேர்க்கச் சொல்லி 2015 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. மதுரையை மையமாக வைத்தால் கொடைரோடு, நிலக்கோட்டைப் பக்கம் அந்த வளையத்துக்குள் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம் மக்கள்தொகை கொண்ட திண்டுக்கல்லுக்குத் தனக்கென்று ஒரு வளையம் இல்லை.

எந்தப் பிளாஸ்டிக்கையும் கொட்டலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. மெல்லிய பைகளின் பாலிஎத்திலீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகும், பாலிபுரோப்பிலீன் 160-ஐ ஒட்டி உருகும். இவை இரண்டும் ஆலையின் சூட்டுக்குள் அடங்குபவை. தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் உருக 250 டிகிரி வேண்டும். அது உருகாமல் துண்டாகவே கிடந்து கலவையைக் கெடுக்கும். பிவிசி சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும், ஆலையில் நிற்கும் தொழிலாளியின் நெஞ்சுக்கு அது நஞ்சு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டி, மறுநாள் கழற்றிக் குப்பையில் எறியும் ஃபிளெக்ஸ் பேனர் பிவிசி பூசிய துணி. ஆகவே தரம் பிரிக்காத நகராட்சிக் குப்பையிலிருந்து நல்ல பிளாஸ்டிக் சாலை வராது. குப்பை மேட்டில் பிரித்தெடுக்கும் கைகள்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் கட்டம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்குத் தடை இருக்கும்போது, சாலைக்குப் பிளாஸ்டிக் வேண்டும் என்ற தேவையே அந்தத் தடைக்கு எதிரான வாதமாகிவிடக் கூடாது. மேற்பரப்பு தேயும்போது நுண்பிளாஸ்டிக் மழைநீரோடு ஓடைக்கும் குளத்துக்கும் போகிறதா என்பதையும் கிராமச் சாலைகளில் அளக்க வேண்டும்.

பழைய டயரைப் பொடித்துச் சேர்க்கும் ரப்பர்த் தாருக்கு 2004-லேயே ஐஎஸ் 15462 தரவிதி வந்துவிட்டது. சூட்டில் குறைவாக இளகும், குளிரில் குறைவாக வெடிக்கும். ஆனால் கிளறாமல் வைத்தால் ரப்பர் பிரிந்து அடியில் படியும். திண்டுக்கல்லில் தொடங்கித் தேனி, குமுளி வழியாகப் போகும் 183-ஆம் எண் நெடுஞ்சாலையின் கேரளப் பகுதியில் கோட்டயம் இருக்கிறது. ரப்பர் வாரியம் அங்கே. இயற்கை ரப்பர் கலந்த தாரை அந்த மாநிலம் மழைச் சாலைகளில் போட்டுப் பழகியிருக்கிறது. கொடைக்கானல் மலைச்சரிவுக்கு வடக்கத்திய அனுபவத்தைவிட அது கிட்டத்தில் கிடைக்கும் பாடம்.

நகரத்துத் தெருக்களில் சிக்கல் வேறு. பழைய தாரின் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டு வாசற்படியைவிடத் தெரு உயர்ந்துவிட்டது, மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். சுரண்டி எடுத்த பொருள் குப்பை அல்ல. அதில் நல்ல கருங்கல் ஜல்லியும், மூப்படைந்த தாரும் இருக்கின்றன. மறுபயன்பாட்டுக்கான நெறியை இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2015-லேயே வகுத்தது. பழைய தாரைக் கரைப்பானில் பிரித்தெடுத்து எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்து, அதற்கு ஈடாக இளகிய தாரையோ புத்துயிர் எண்ணெயையோ சேர்க்க வேண்டும். இந்த அளவீடு இல்லாமல் பழையதைக் கண்ணளவில் கலந்தால் புதுச்சாலை முதல் ஆண்டிலேயே விரிசல் விடும். அளக்கும் வசதி பெரும்பாலும் சென்னை கிண்டியிலுள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம், பெரிய பொறியியல் கல்லூரிகள் போன்ற இடங்களோடு நின்றுவிடுகிறது. சுரண்டிய பொருளோ பள்ளம் நிரப்பவும் மண்சாலை ஓரத்துக்கும் போய்விடுகிறது. திண்டுக்கல்லைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் பல உள்ளன. வட்டார ஜல்லியின் ஒட்டுதிறன், சுரண்டிய தாரின் மூப்பு, ஆலையிலிருந்து தெருவரை இழக்கும் சூடு ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் அளந்து வெளியிடும் வேலையை அவற்றின் கட்டுமானத் துறைகளுக்குத் தரலாம். மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டங்களே பாதி வேலையை முடித்துவிடும்.

கச்சா எண்ணெயே இல்லாத தாரை நோக்கியும் ஆய்வு நகர்கிறது. மரத்திலும் வைக்கோலிலும் உள்ள லிக்னின் என்ற பிணைப்புப் பொருளைத் தாரோடு கலக்கும் முறையில், மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்களிப்போடு, நாக்பூர் அருகே மன்சரில் ஒரு கிலோமீட்டர் சாலையைப் போட்டு 2024 டிசம்பரில் திறந்தார்கள். அது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதே நெடுஞ்சாலை தெற்கே வந்து கரூர், திண்டுக்கல், மதுரை என்று போகிறது. இந்தியா தன் தேவையில் கணிசமான பங்குத் தாரை இறக்குமதி செய்வதால், வைக்கோல் எரிப்பைக் குறைத்து அந்நியச் செலாவணியையும் மிச்சம் பிடிக்கும் திட்டமாக இது முன்வைக்கப்படுகிறது. திண்டுக்கல் சமவெளிக்கு அது வருவதற்கு முன் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும்: லிக்னின் கலந்த தார் 60 டிகிரிச் சாலைப்பரப்பில் எவ்வளவு வேகமாக மூப்படைகிறது, சார்னோக்கைட் ஜல்லியோடு சேர்த்து நனைத்துப் பிளந்தால் அந்த 80 விழுக்காட்டைத் தாண்டுகிறதா. இரண்டுக்கும் கருவிகள் நாட்டில் இருக்கின்றன. சோதிக்க வேண்டிய கல் திண்டுக்கல் குவாரியிலிருந்து போக வேண்டும்.